ஷரீபா வீட்டு ஐஸ்

1971ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வாரத்தில், தீவுத் துறைமுகத்தை ஒட்டிய ஹேடோவில் ஜெய்னுதீன் வீட்டு ஃப்ரிட்ஜில் உறைந்த ஐஸ், வயரைப் பிடுங்கிய பிறகும் வளர்ந்துகொண்டே போனது. அந்தச் சந்துக்கு அதுதான் முதல் ஃப்ரிட்ஜ். அதுவரை குர்பானிக் கறியை மூன்று பங்காக்கி, தமக்குப் போக மற்றதைச் சொந்தபந்தம், அண்டை அயல், இல்லாதவர் என்று அன்றைக்கே கொடுத்துத் தீர்ப்பார்கள். வைத்திருந்தால் நாறிவிடும், அந்தப் பயத்திலேயே பாதி தர்மம் நடந்துகொண்டிருந்தது. ஃப்ரிட்ஜ் வந்ததும் ஜெய்னுதீனின் மனைவி ஷரீபாவுக்குப் பயம் விட்டுப்போனது. அடுத்த கப்பலில் மெட்ராஸிலிருந்து தம்பி வருகிறான், அவனுக்கு ஆகும் என்று, எதிர்வீட்டுக் கிரேசிக்கு வருஷந்தோறும் போகும் வாழையிலைப் பொட்டலத்தை ஐஸ் அறைக்குள் திணித்தாள். கிரேசி, மீன்பிடிக்கிற செபஸ்தியானின் மனைவி. குழாயடியில் பார்த்தபோது, "சின்ன ஆடு கிரேசி, பத்தாமப் போச்சு" என்றாள் ஷரீபா. கிரேசி தலையாட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தம்பி வரவில்லை. பொட்டலம் ஐஸுக்குள் மாட்டிக்கொண்டது. ஷரீபா திருகியைப் பூஜ்யத்தில் வைத்தாள், கதவைத் திறந்துபோட்டாள், கொதிக்கிற வெந்நீர்ச் சட்டியை உள்ளே வைத்தாள். வெந்நீரும் உறைந்தது. துறைமுகத்துக் குளிர்க்கிடங்கில் வேலைபார்த்த ராஜமாணிக்கம் வந்து கதவு ரப்பரைத் தடவிப்பார்த்தார், தண்ணீர் வடிகிற ஓட்டையைச் சைக்கிள் கம்பியால் குத்தினார். "மெஷின் டீக் ஹை, பாபி, ஒரு கோளாறும் இல்ல. உள்ளே என்ன வச்சீங்க?" என்று ஷரீபாவைக் கேட்டார். ஷரீபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒன்றுமில்லை என்றாள். ஐஸ் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. பொட்டலத்தின் வாழைநார் முடிச்சுகூடத் தெரிந்தது. ராஜமாணிக்கம் டீ குடிக்காமலே கிளம்பினார்.

மழைக்காலம் பிறப்பதற்குள் ஐஸ் அடுப்படியைக் கடந்து, ஜன்னல் வழியாகச் சந்தில் இறங்கியது. பொட்டலம் எப்போதும் அதன் முனையிலேயே இருந்தது. ஷரீபா பழைய சேலையைப் போட்டு மூடினாள். மறுநாள் ஐஸ் சேலையைத் தாண்டியிருந்தது. ஜெய்னுதீன் கடைக்குச் சுற்றுவழியாகப் போகத் தொடங்கினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஷரீபா ஏதாவது பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

ஐஸ் கிரேசியின் வாசற்படியைத் தொட்ட அன்று, ஷரீபா அதன் பக்கத்திலேயே நடந்துபோய் நின்றாள்.

"உன் பங்குதான் கிரேசி. நான்தான் எடுத்து வச்சுக்கிட்டேன்."

"தெரியும்க்கா. அன்னைக்கு மசாலா அரைச்சு வச்சுட்டு உக்காந்திருந்தேன். பிள்ளைங்க ரெண்டு தடவை வாசலுக்குப் போய்ப் பாத்துச்சு" என்றாள் கிரேசி, கோபமே இல்லாமல். குனிந்து பொட்டலத்தைத் தொட்டாள். ஐஸ் விட்டுக்கொடுத்தது. கறி அன்று அறுத்ததுபோல் இருந்தது.

மத்தியானம் கிரேசியின் மகள் ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்தாள். "உங்க பங்காம், அம்மா குடுக்கச் சொன்னாங்க" என்றாள். ஷரீபா அதை அடுப்படியில் நின்றபடியே அழுதுகொண்டு தின்றாள்.

ஐஸ் அதற்குப் பிறகு வளரவில்லை, உருகவும் இல்லை. செபஸ்தியான் பிடித்த மீனை அதன்மேல் பரப்பினார், தீபாவளிக்குச் சந்துக்காரர்கள் அதற்கும் சேர்த்து வெள்ளையடித்தார்கள். எல்லோரும் அதைத் தாண்டிப் போகப் பழகிக்கொண்டார்கள். ஷரீபா மட்டும் சாகும்வரை சுற்றித்தான் போனாள்.