ஏழாம் அடிக்குறிப்பு

தேனி வேதாகமக் கல்லூரியில் நான் எழுதிய முதல் கட்டுரை பதினான்கு பக்கம். தலைப்பு, தேவதூதர்கள். அதுவரை கேட்ட பிரசங்கங்களையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் கிண்டி இறக்கியிருந்தேன். ஆராய்ச்சி முறை நடத்தும் பலவேசம் ஐயா பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையால் குளிப்பாட்டித் திருப்பிக் கொடுத்தார்.

“யாரு சொன்னா? எப்பச் சொன்னா? எங்க எழுதியிருக்கு? ஒண்ணுமே இல்லையே தம்பி. பிரசங்கத்துல தப்பிச்சிரலாம். கட்டுரைக்கு அடிக்குறிப்பு வேணும்.”

இரண்டாவது கட்டுரையும் தேறாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார். 2002ஆம் வருடம் அது. தோற்றுப்போய் ஊருக்குத் திரும்பும் முகம் எனக்கு இல்லை. நான் சும்மா வந்த மாணவனா என்ன? கூடலூர் சபை அனுப்பி வைத்த அற்புதம் ஆயிற்றே.

நான்கு வயதில் திராட்சைத் தோட்டத்தில் என்னை நல்லபாம்பு கடித்தது. அம்மா மூக்கம்மாளுக்கு அங்கேதான் கூலி வேலை. என்னைத் தூக்கிக்கொண்டு லோயர் கேம்ப் சாலைக்கு ஓடி, மண்டியிட்டு ஆண்டவரைக் கூப்பிட்டாளாம். ஆளில்லாத சாலையில் ஒரு ஜீப் வந்து நின்றதாம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தால் ஜீப்பும் இல்லை, ஓட்டியவரும் இல்லை. வந்தது தேவதூதன். பதினாறு வருடமாக அறுப்பின் பண்டிகையில் அம்மா சொல்லும் சாட்சி இது. சுருளிராஜனாக இருந்த என்னைச் சபையார், வேதத்தில் செத்துப் பிழைத்தவன் பெயரில், லாசரு ஆக்கியதும் இதனால்தான்.

இரண்டாவது கட்டுரைக்கு அந்தச் சாட்சியையே எடுத்தேன். தூதனை நிரூபித்து பலவேசம் ஐயாவின் வாயை அடைக்கலாம் என்ற திமிர். அம்மா பெட்டியில் வைத்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் தேதி கிடைத்தது. பிறகு குமுளிக்கு ஜீப் ஓட்டிய பழைய டிரைவர்களைத் தேடிப் போனேன். அன்றைக்கு எங்களை ஏற்றியது தாங்கள் இல்லை என்று ஒவ்வொருவரும் சொன்னால் வேலை முடிந்தது. மூன்றாவது ஆள் சேக் தாவூது. கம்பத்தில் மகன் கடையில் உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் புள்ளையா நீயி?” என்று குனிந்து என் வலது காலைப் பார்த்தார். தழும்பு எந்தக் காலில் என்று நான் சொல்லவே இல்லை. “எஸ்டேட்டுக்குப் போற பொம்பளையாளுகளை அங்கனயே எறக்கிவிட்டுட்டு ஒன்னையப் போட்டுக்கிட்டு வந்தேன். நீ கண்ணு முழிக்கிற வரைக்கும் ஒங்காத்தாகூடத்தான் இருந்தேன்.”

தூதன் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. “என்னையப் போயி மலக்குன்னுட்டாகளா? எங்க வீட்டுல கேட்டா அடிக்க வருவாக.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேராக அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

“மொதல் வருசம் மேடையில ஏத்திவிட்டாக,” என்றாள். “வண்டி ஓட்டுனது யாருன்னு பாஸ்டர் கேட்டாக. அம்புட்டு சனத்தைப் பாத்ததும் நாக்கு எழும்பல. தெரியாதுங்கய்யான்னுட்டேன். தேவதூதன்தான்னு அவுகளே மைக்கில சொல்லிட்டாக. சனமெல்லாம் அழுகுது. பெறகு எப்பிடி இல்லைங்கிறது? வருசா வருசம் நானும் கொஞ்சம் சேத்துக்கிட்டேன்.”

என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எழுதிராதய்யா. வருசம் பூரா ஏ மூக்கம்மான்னு கூப்புடுறவுக, அன்னைக்கு ஒரு நாளுதான் அம்மாங்கிறாக.”

சரி என்றேன். விடுதிக்குப் போய் எழுதினேன். தேறாமல் போய்விடுவேனோ என்ற பயம்தான், வேறென்ன சொல்ல? ஏழாம் அடிக்குறிப்பு: சேக் தாவூது, ஜீப் ஓட்டுநர், கம்பம், நேரில் கண்டு பேசியது. எட்டாம் அடிக்குறிப்பு: மூக்கம்மாள், கட்டுரையாளரின் தாயார்.

பலவேசம் ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பிலேயே முதல் மதிப்பெண் போட்டார். போதாததற்கு, ‘உங்கள் பையன் எப்படித் தேறிவிட்டான் பாருங்கள்’ என்று ஒரு நகலை எங்கள் பாஸ்டருக்கே தபாலில் அனுப்பிவிட்டு அப்புறம்தான் என்னிடம் சொன்னார். நல்ல மனிதர். நல்லவர்கள் செய்யும் கெடுதலுக்கு யாரிடம் போய் அழுவது?

அந்த வருட அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்குப் போனேன். பீடத்துக்கு முன்னால் திராட்சைக் கூடைகளும் வாழைத்தார்களும் வைத்திருந்தார்கள். பாஸ்டர் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார். இந்த வருடம் சாட்சியை வேறு ஆள் சொல்லட்டும் என்று அம்மாவிடம் முந்தைய வாரமே சொல்லிவிட்டாராம். வேறு ஒருவர் வேலை கிடைத்த சாட்சி சொன்னார். அவரிடமிருந்து பாஸ்டர் மைக்கை வாங்குவதற்குள் அம்மா நடந்து வந்து வாங்கிவிட்டாள்.

“எம்மகனைத் தூக்கிட்டுப் போனது கம்பம் சேக் தாவூது பாய்,” என்றாள். “இத்தனை வருசமா மாத்திச் சொல்லிட்டேன். ஆனா அந்நேரத்துக்கு அவுக வண்டி வந்தது ஆண்டவர் செஞ்சதுன்னுதான் இப்பயும் நம்புறேன்.”

சாட்சி சொன்னவரைச் சபை ஆமென் சொல்லித்தான் இறக்கிவிடும். அன்றைக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை. அம்மா பாஸ்டரையும் பார்க்கவில்லை, சபையையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் ஒருவன் சொல்லியிருந்தால் பின்னால் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். அடுத்த வருடப் படிப்புக்குப் பாஸ்டரின் சிபாரிசுக் கடிதம் வேண்டியிருந்தது. நான் குனிந்து வேதாகமத்தைப் புரட்டினேன்.

அம்மா மைக்கைப் பாஸ்டரிடம் கொடுத்துவிட்டு, வாசலில் செருப்புகள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.