மாட்டுக்கு ஒதுக்கிய சோளம்

மாமாவுக்கு ஈரல் கெட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் அவருக்கென்று தனிச் சமையல். எண்ணெய் இல்லை, காரம் இல்லை. காலையும் மாலையும் ஒரு டம்ளர் பால். அதுவும் எங்கள் மாட்டுப் பால்தான். தன் அப்பா விஷயத்தில் கடைப்பாலை நம்பமாட்டார் என் கணவர்.

மழையில் கொட்டகைத் தகரம் ஒழுகி மக்காச்சோள மூட்டைகள் நனைந்துவிட்டன. கவனிக்காமல் இருந்துவிட்டோம். பிரித்தபோது உள்ளே ஒரே சூடு. மணிகளில் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. தார்ப்பாயில் கொட்டிக் காயவைத்து, நானும் என் கணவரும் உட்கார்ந்து பொறுக்கினோம். நல்லது வீட்டுக்கு, பூசணம் பிடித்தது மாட்டுக்கு. அப்பா வாயில் ஒரு கெட்ட மணிகூடப் போகக் கூடாது என்று, நான் பொறுக்கியதை அவர் மறுபடியும் பொறுக்கினார்.

கட்டிலில் இருந்தபடியே மாமா கேலி செய்தார். "பொண்ணு பாக்கப் போனப்பகூட நீ இவ்வளவு உத்துப் பாக்கலையேடா!"

"அன்னைக்குப் பாக்காத குறைக்குத்தாம்ப்பா இப்பப் பாக்கறேன்."

ஒரு மணியை எடுத்து என் கணவர் முதுகில் எறிந்தேன்.

சில நாட்களில் மாடு தீவனத்தை மோந்துவிட்டு நிற்கத் தொடங்கியது. பாலும் குறைந்தது. ஒரு நாள் காலை, பால் நிலையத்தில் எங்கள் கேனை மட்டும் தனியே ஒதுக்கி வைத்திருந்தார்கள். சோதனை செய்கிற பெண் என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"அக்கா, மாட்டுக்கு என்ன போடறீங்க?"

சொன்னேன்.

"பூசணத்துல ஒரு நஞ்சு இருக்குக்கா. மாடு தின்னா அது பால்ல வந்துடும். காய்ச்சினாலும் போகாது."

"நாங்க சாப்பிடறது நல்லதாப் பொறுக்கினதும்மா."

"கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். அதே மூட்டைச் சோளந்தானே? யாரும் தொடாதீங்க. நாள்பட்டா ஈரலைத்தான் பிடிக்கும்."

கேனை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மாமா பாதிப் பாலைக் குடித்திருந்தார். டம்ளரைக் கையிலிருந்து வாங்கினேன்.

"ஏம்மா, சூடு சரியாத்தானே இருக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். என் கணவர் தீவனம் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தீவன வியாபாரிகிட்ட எல்லாத்தையும் தள்ளிடலாம். கோழிக்குத்தானே."

"அந்தக் கோழி முட்டையை எவன் அப்பன் திங்கப்போறான்?" என்றார் மாமா.

அவர் கையில் ஒட்டியிருந்த தீவனத்தைத் துடைத்தார்.

"ஒரு வருஷத்துச் சோளம்ப்பா," என்றார் என் கணவர். "அது போனாப் போகட்டும். என் கையாலயே உங்களுக்கு..."

"நீ பொறுக்கினதை நானும் பாத்துக்கிட்டுத்தானடா இருந்தேன். போ, குழி வெட்டு."

கொட்டகைக்குப் பின்னால் ஆழமாக வெட்டி, வீட்டுக்கு வைத்திருந்ததையும் சேர்த்துக் கொட்டினோம். அடுத்த வீட்டுக் கோழிகள் வந்தன. மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து விரட்டினார்.

சாயங்காலம் மாடு மடி கனத்துக் கத்தியது. தீவனத்தை மாற்றியாயிற்று, ஆனாலும் பால் சுத்தமாகச் சில நாள் ஆகும். கறக்காமலும் விட முடியாது. கறந்தேன். என் கணவர் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போய்க் குழியருகே நின்றார். பாலில் இன்னும் நுரை அடங்கவில்லை.

"ஊத்துடா," என்றார் மாமா.

ஊற்றினார்.

"நாளைக்கு ரத்தம் சோதிக்கப் போகணும்ல. டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன். நீ வாயைத் திறக்காதே."

"இல்லப்பா. நான்தான் சொல்லணும்," என்று என் கணவர் மண்வெட்டியை எடுத்தார்.