வாசல் வழியும் சமையலறை வழியும்

வாசல் கதவு வழியாக வந்தால் அப்பாவுக்கு மகளை அடையாளம் தெரியாது. சமையலறைக் கதவு வழியாக வந்தால் தெரியும். இணையதளங்களைச் சோதித்துப் பிழை கண்டுபிடித்துத் திருத்துவது மகளின் உத்தியோகம். அவளுக்கே இது பிடிபட மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அதே செருப்பு, அதே நேரம், அதே பை. கதவை மட்டும் மாற்றிப் பார்த்தாள். டாக்டர் ஒரு மணி நேரம் பரிசோதித்துவிட்டு, பெரியவரின் ஞாபகசக்தி தன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். "வயசானா ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு வரும். இவருக்குக் கதவு வந்திருக்கு," என்று சொல்லிவிட்டு அம்மா பாத்திரம் கழுவப் போனாள்.

அந்த வாரம் அலுவலகத்திலும் இதே கூத்துதான். ஒரு நூலகத்தின் தளம், ஒரு பிரௌசரில் வாசகரைப் பெயர் சொல்லி வரவேற்றது. இன்னொன்றில் யார் நீங்கள் என்றது. ஆளை நினைவில் வைக்கத் தளம் கொடுத்தனுப்பும் சீட்டுக்குக் குக்கி என்று பெயர். முதல் பிரௌசர் அதைப் பத்திரமாகத் திருப்பிக் காட்டியது. இரண்டாவது ஒரு சந்தேகப் பிராணி, வாங்கிய இடத்திலேயே வீசிவிட்டது. அவள் நிரலில் ஒரு வரியை மாற்றினாள், மதியச் சாப்பாட்டுக்குள் சரியாகிவிட்டது. அப்பாவிடம் எந்த வரியை மாற்றுவது?

அடையாளம் தெரிந்தும்தான் என்ன பிரயோசனம்! ஆறு வருடத்துக்கு முன் அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டபோது, "இனி உன்னோட பேச்சே கிடையாது" என்றவர், சொன்ன சொல்லில் நின்றார். சமையலறை வழியாக வரும் மகளைக் கண்டதும் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். வாசல் வழியாக வரும் யாரோ ஒரு பெண்ணுக்கோ நாற்காலியைத் துடைத்துப் போடுவார். "என் பொண்ணும் கம்ப்யூட்டர் வேலைதாம்மா. பயங்கரக் கெட்டிக்காரி." கேட்கக் கேட்க அவளுக்குத் தன்மேலேயே பொறாமையாக இருந்தது. பேசாமல் சமையலறைக் கதவைப் பூட்டிவிடலாம் என்றாள். "அப்புறம் என் பொண்ணு எந்த வழியா வருவா?" என்று அம்மா சாவியைத் தர மறுத்துவிட்டாள்.

ஒரு ஞாயிறன்று அப்பா அந்த யாரோ பெண்ணிடம் குரலைத் தாழ்த்தினார். "அவ வந்தா பேசணும்னுதான் இருக்கு. வாய் வரமாட்டேங்குது. எங்கயாவது பார்த்தா நீ சொல்லிடறியாம்மா?"

"சொல்லிடறேன்," என்றாள்.

வெளியே போய், வீட்டைச் சுற்றி, சமையலறை வழியாக வந்தாள். அப்பா வழக்கம்போல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு சொன்னாப்பா," என்றாள்.

அவர் திரும்பவில்லை. காலை மட்டும் மடக்கிக்கொண்டு, கட்டிலில் அவள் உட்கார இடம் விட்டார்.

அதன்பின் ஞாயிறுதோறும் அம்மா காபி போடும்போது வாசல் வழியாக வருகிறவளுக்கு ஒன்று, சமையலறை வழியாக வருகிறவளுக்கு ஒன்று என்று இரண்டு டம்ளர் எடுத்து வைத்தாள்.