இதுவா, அதுவா?

அப்பா போய்ச் சேர்ந்ததில் மகனுக்கு உடனடியாக ஏற்பட்ட கஷ்டம், காலையில் எந்தச் சட்டையைப் போடுவது என்று தெரியாமல் போனதுதான்.

அப்பா கண்ணாடிக்கடைக்காரர். வந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் கனத்த சோதனை ஃபிரேமை ஏற்றி, லென்ஸுகளை மாற்றி மாற்றிச் செருகி, "இதுவா, அதுவா?" என்று கேட்பது அவர் தொழில். தொழிலைக் கடையோடு விட்டுவிட்டு வரும் பழக்கம் அவருக்குக் கிடையாது. எந்தப் படிப்பில் சேருவது என்று மகன் குழம்பியபோது, இரண்டு கல்லூரி விண்ணப்பங்களையும் அவன் முகத்துக்கு நேரே ஆட்டி, "இதுவா, அதுவா?" என்றார். காதலில் சொதப்பிவிட்டு வந்து நின்றபோதும் அதே கதைதான். "அந்தப் பொண்ணுகிட்டப் போய் உண்மையைச் சொல்றது. சொல்லாம முழிக்கறது. இதுவா, அதுவா?"

சொந்தக் கருத்து என்று ஒன்றை அவர் வாயிலிருந்து யாரும் பிடுங்கியதில்லை. ஆனால் இரண்டாம் முறை கேட்கும்போது, சரியான பக்கத்துக்கு அவருடைய வலது புருவம் ஒரு நூல் உயரும். அந்தப் புருவத்தைப் பிடித்துக்கொண்டே மகன் இத்தனை வயதுக்கு வந்து சேர்ந்திருந்தான். அப்பா, சிநேகிதன், வாத்தியார் என்ற மூன்று உத்தியோகத்தையும் அந்த ஒற்றைப் புருவமே பார்த்துக்கொண்டது.

எந்தச் சோதனையும் ஒரே இடத்தில்தான் முடியும். "ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்கு" என்று ஆள் சொல்ல வேண்டும். சொன்னதும் அப்பா முகம் மலர்ந்துவிடும். "அப்ப முடிஞ்சுது. எந்திரிங்க." புதிதாக வந்தவர்கள் தாங்கள் பெயிலாகிவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்பார்கள். "இதுக்கு மேல மாத்தினா கெடுதல். இதுதான் உங்க பவர்" என்று அவர் தட்டிக்கொடுத்து அனுப்புவார்.

கடையை நடத்த வேண்டியவன் இனி மகன்தான். கூடவே நின்று தொழில் பழகியவன், லென்ஸெல்லாம் அத்துப்படி. போன வாரம் ஒருநாள் திறந்தும் பார்த்தான். ஒருவர் வந்து உட்கார்ந்தார். "இது..." என்றான். "இது" மட்டும் வந்துகொண்டேயிருந்தது, "வா" வரவேயில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அந்த மனிதர் எழுந்து போய்விட்டார். மூக்கில் சோதனை ஃபிரேம் இருப்பது ரொட்டிக்கடை வாசலில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. அன்று இறக்கிய ஷட்டரை மகன் மறுபடி தூக்கவில்லை.

நினைவுக் கூட்டத்துக்காகச் சித்தப்பாதான் தூக்கினார். "அண்ணனுக்குக் கடையை விட்டா வேற என்ன தெரியும்? இங்கயே வெச்சிடுவோம்." கண் பார்க்கும் எழுத்துப் பலகைக்குக் கீழே ஆணி அடித்து, வெறும் படச்சட்டத்தை மாட்டிவிட்டு, சுத்தியலும் கையுமாக நின்றார். சட்டம் வெறுமையாக இருந்ததற்குக் காரணம், படம் இரண்டு இருந்ததுதான்.

ஒன்று, கடை லைசென்ஸுக்காக எடுத்தது. கண்ணாடி போட்டு, கழுத்து விறைத்து. "போலீஸ் தேடற ஆள் மாதிரி இருக்காருடா" என்றாள் அக்கா. மற்றது ஏதோ பயணத்தில் எடுத்தது. கண்ணாடி இல்லை, பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு, இரண்டு கண்ணும் இறுக்க மூடியிருந்தன. "கண்ணாடிக்கடைக்காரன் கண்ணை மூடிட்டிருந்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றார் சித்தப்பா. "நீயே சொல்லுடா. சீக்கிரம். ஆளுங்க வர ஆரம்பிச்சாச்சு."

மகன் இரண்டு படத்தையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்தான். கடை சிறியது என்பதால் திரும்பிக்கொண்டேயிருந்தான்.

கூட்டம் வந்துவிட்டது. "இப்ப எல்லாரும் எழுந்து கொஞ்ச நேரம் மௌனமா நிப்போம்" என்றார் சித்தப்பா. எழுந்தார்கள். எதிரே எழுத்துப் பலகை. வந்திருந்த அத்தனை பேரும் அப்பாவிடம் கண்ணைக் காட்டியவர்கள். யாரும் சொல்லாமலே அத்தனை இடது கையும் மேலே போய் இடது கண்ணை மூடின. உதடுகள் அசைந்தன. பெரிய எழுத்திலிருந்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கி, எல்லோரும் அன்னாருக்கு அஞ்சலி செலுத்தினார்கள்.

முன்வரிசைத் தையல்காரர்தான் மௌனத்தைக் கலைத்தார். "கடைசி வரி தெரியலையே தம்பி" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதார்.

அப்போதுதான் பஸ் டிரைவர் அரக்கப்பரக்க உள்ளே வந்தார். உட்கார இடமில்லை. சோதனை நாற்காலி ஒன்றுதான் காலி. அதில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பழக்கத்தில் முதுகை நிமிர்த்தி மோவாயைத் தூக்கிக்கொண்டார். எதிரே மகன். அவன் கையில் இரண்டு படம். ஒருவன் அப்படி உட்கார்ந்தால் இன்னொருவன் வேறு என்னதான் செய்ய முடியும்?

வலது கை தானாக உயர்ந்தது. "இதுவா..." இடது கை உயர்ந்தது. "அதுவா?"

தன் குரலைக் கேட்டு மகனே திடுக்கிட்டான்.

"இன்னொருவாட்டி காட்டுங்க தம்பி" என்றார் டிரைவர்.

"இதுவா... அதுவா?"

"மொதல்ல காட்டினதுதான். என்னைய இன்னும் மொறைக்கறாரு. பவர் மாறியிருக்கு, டெஸ்டுக்கு வாய்யான்னு நாயா அலைஞ்சாரு மனுசன். வராமயே ஓட்டினேன்."

"சும்மா இருய்யா" என்றார் தையல்காரர். "என்னைப் பார்த்தா சிரிக்கத்தான் செய்வார். எழுந்திரு, நான் பார்க்கறேன்."

வரிசை நின்றுவிட்டது. ஆளுக்கொரு அப்பா. முறைக்கிற அப்பா, சிரிக்கிற அப்பா. ஒருவர் முடிவைச் சொல்லிவிட்டு, அப்படியே பவரையும் சீட்டில் எழுதித்தரச் சொன்னார்.

"துக்கத்துக்குக் கூடின இடத்துல கண் டெஸ்டாடா? மானம் போகுது" என்று பல்லைக் கடித்த அக்கா, சற்று நேரத்தில் வரிசையில் தெரிந்தாள். உட்கார்ந்தாள். "தள்ளிப் பிடி... இன்னும் கொஞ்சம் தள்ளி..."

"அக்கா, உனக்கு வெள்ளெழுத்து வந்தாச்சு."

"வாயை மூடு" என்றாள். சொல்லும்போதே அழுகையும் வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. எது என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை.

கூட்டம் சரிபாதியாகப் பிரிந்து நின்றது. "இப்பவாவது நீ சொல்லேண்டா!" என்றார் சித்தப்பா.

மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள். படங்களை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"உக்காரு."

உட்கார்ந்தான். இத்தனை வருஷத்தில் இந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்ததே இல்லை. நிற்பதுதான் அவன் வேலை.

"இதுவா..." என்றாள் அம்மா, அவசரமே இல்லாமல், அப்பா இழுக்கும் அதே இழுப்பில். "அதுவா?"

மகன் புருவத்தைத் தேடினான். முதல் படத்தில் கண்ணாடி ஃபிரேம் அதை மறைத்திருந்தது. இரண்டாவதில் சிரிப்பு அதைச் சுருட்டி வைத்திருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் புருவம் இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன.

"இன்னொருவாட்டிம்மா."

"இதுவா... அதுவா?"

கண்ணில் நீர் முட்டியது. முறைப்பும் சிரிப்பும் கரைந்து, இரண்டு பக்கமும் அதே தலை, அதே காது, அதே ஆள்.

"ரெண்டும்... ரெண்டும் ஒரே மாதிரிதான்மா இருக்கு."

"அப்ப முடிஞ்சுது" என்றாள் அம்மா. "எந்திரி."

எழுந்தான்.

சித்தப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சுத்தியல் இன்னும் கையில்தான் இருந்தது. "என்ன முடிஞ்சுது? அப்ப ஆணியில எதைத்தான்டா மாட்டறது?"

மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அதே கையால் நாற்காலியையும் ஒரு தட்டுத் தட்டினான்.

"இப்படி வந்து உக்காருங்க சித்தப்பா. இடது கண்ணை மூடுங்க."