வேலிக்கு வெளியே கேட்ட மேளம்

தன் ஊரான மடகாஸ்கரில் செத்தவர்களைக்கூடச் சும்மா விடமாட்டார்கள் என்று ஹேரி சொன்னபோது சிரித்துவிட்டேன். சில வருஷங்களுக்கு ஒருமுறை கல்லறையைத் திறந்து, எலும்புகளுக்குப் புதுப்பட்டு சுற்றி, தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்களாம். யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பிள்ளை என்று காதோடு சொல்வார்களாம். அதைக் கேட்ட நாளிலிருந்து, எங்கள் யாங்கோனின் போட்டாதாங் படகுத்துறையில் மழை இறங்கும்போதெல்லாம், ஆற்றின்மேல் ஓர் ஊரே வெள்ளைப் பட்டோடு ஆடிப்போவது என் கண்ணுக்குத் தெரியும். ஆபீசில் பைத்தியம் என்றார்கள். சொல்லட்டும்.

"நீ யாரைத் தூக்கினாய்?" என்று கேட்டேன். பிரெஞ்சில்தான். யாங்கோனில் ஹேரி நடத்தும் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்துதான் அவனையும் பிடித்தேன்.

"யாரையும் இல்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். மேளம் எல்லோருக்கும் கேட்கும்."

அவன் பாட்டனின் அப்பா அடிமை. பிடித்துவந்து விற்ற ஆளுக்கு ஊர் ஏது, கல்லறை ஏது? சட்டம் விடுவித்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. பெண் கேட்டுப் போனால் இன்றும் முதல் கேள்வி, உங்கள் குடும்பக் கல்லறை எங்கே என்பதுதான். அந்தக் கேள்வி வந்ததும் எழுந்து வந்தவன் அவன்.

என் அப்பா ஏசுரத்தினம் மட்டும் லேசுப்பட்டவரா? ஞானஸ்நானம் எல்லோருக்கும் ஒன்றுதான், சம்பந்தம் நம்ம ஆட்களோடுதான் என்பார். எங்கள் சர்ச்சிலேயே பாடும் ஜேம்ஸ் என்னைப் பெண் கேட்டபோது, அவர்கள் வேறு ஆட்கள் என்று முடித்துவிட்டார். அதனால் கல்யாணம் பேச ஹேரியை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, வாசலிலேயே விரட்டுவார் என்று நினைத்தேன். அப்பாவோ பூரித்துப்போனார். பிரெஞ்சு வாத்தியார், அதுவும் வெளிநாட்டுக்காரர். வெளிநாட்டுக்காரருக்குச் சாதி ஏது? "வாங்க சயா, உக்காருங்க சயா" என்று பர்மிய வழக்கில் ஒரே வாத்தியார் மரியாதை.

அப்பாவுக்குத் தமிழும் பர்மியமும்தான். ஹேரியின் பர்மியம் கடைக்குப் போய்வரத்தான் காணும். நடுவில் நான்.

"ஏம்மா, அவுக ஊர்ல இவுக என்ன ஆளுகன்னு கேளு. சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

கேட்டேன். ஹேரி வெகுநேரம் பேசினான். மலைமேட்டு மூடுபனி, செம்மண், நெல்வயல், அதில் எசமானுக்காகக் குனிந்த முதுகு, வேலி, மேளம். கேட்கக் கேட்க, எங்கள் வீடு அப்படியே மிதந்துபோய் அந்தப் பனிக்குள் நிற்பது போலிருந்தது. பேச்சு நின்றது. அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விவசாயக் குடும்பமாம்ப்பா," என்றேன்.

"நல்லது, நல்லது."

ஹேரி என்னைப் பார்த்தான். கோபமில்லை. "இவ்வளவுதானா நான் சொன்னது?" என்றான்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இப்போது அவனை வெளியே நிறுத்தியது நான்தான். இப்படி ஒளித்துக் கட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் ஒளிக்க வேண்டும்.

"அப்பா, நான் முழுசாச் சொல்லல. இவுக பாட்டனோட அப்பா அடிமை. வெலைக்கு வாங்கின ஆளு. அங்க இன்னைக்கும் இவுகளுக்குப் பொண்ணு குடுக்கமாட்டாக."

அப்பாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மடகாஸ்கர் எந்தத் திசை என்றுகூட அவருக்குத் தெரியாது. அந்த ஊர் வேலி மட்டும் ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

"அங்கயே குடுக்காதப்ப நான் ஏன் குடுக்கணும்? போகச் சொல்லு."

"என்ன சொல்கிறார்?" என்றான் ஹேரி.

"நம் இருவரையும் போகச் சொல்கிறார்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.