தலையணைக்கடியில் இருந்த சாவி

பிணத்தை வைக்கும் ஐஸ் பெட்டியின் ஒயரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்த பிறகுதான் வீடு பூட்டியிருப்பதை முனிராஜ் பார்த்தான்.

"பெட்டிக்குக் கரண்ட் வேணும். சாவி எங்கக்கா?"

மோகனப்ரியா மாமியாரைப் பார்த்தாள். கருப்பாயி மகன் பாஸ்கரனின் காலைப் பிடித்தபடி ஆம்புலன்ஸுக்குள் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு கை இடுப்புச் சுருக்குப்பையை இறுக்கியிருந்தது.

சாவி அதற்குள்தான் இருந்தது. கனத்த இரும்புச் சாவி. பாஸ்கரனுக்கு வலிப்பு வரும்போதெல்லாம் அதைத்தான் அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்துவாள். கம்பெனியில் விழுந்தால் கூட வேலை பார்க்கும் முனிராஜ் கைக்குக் கிடைத்த ஸ்பேனரை வைப்பான். ஐந்து நிமிஷத்தில் எழுந்து, "ஷிப்டு முடிஞ்சுதாடா?" என்பான் பாஸ்கரன்.

இந்த முறை எழவில்லை. பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் ஊசி மேல் ஊசி. வலது கை துடித்துக்கொண்டே இருந்தது.

"மருந்து கேக்கலம்மா. தலைல காந்தம் வெச்சுப் பாக்கலாம். உறுதி சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். மோகனப்ரியா கையெழுத்துப் போட்டாள். மண்டையோரம் ஒரு கருவியைப் பிடித்தார்கள். டக்டக்கென்று சத்தம் வந்தது. அன்று இரண்டு மணி நேரம் அந்தக் கை சும்மா கிடந்தது. அவள் அதன் நகங்களை வெட்டிவிட்டாள்.

மறுநாள் தலையைச் சரிசெய்த டெக்னீஷியன் தலையணைக்கடியிலிருந்து சாவியை எடுத்தான்.

"தலைகிட்ட இரும்பு கூடாதுன்னு எத்தன வாட்டி சொல்றது? யார் வெச்சது?"

சாவியை அவன் நீட்ட, கருப்பாயி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். டாக்டரைக் கேட்காமல் தொடமாட்டேன் என்று அன்றைக்குக் காந்தம் வைப்பதையே நிறுத்திவிட்டான். காலையில் பார்க்கலாம் என்றார் டாக்டர். சாயங்காலமே பாஸ்கரன் போய்விட்டான்.

"காந்தம் வெச்சாங்களாமே, அதான் ஆள முடிச்சிருக்கும்" என்றார் எதிர்வீட்டுக்காரர். "கையெழுத்துப் போட்டது பொண்டாட்டிதானே?"

கருப்பாயி சுருக்குப்பையை இன்னும் இறுக்கினாள்.

"அக்கா, சாவி?"

"ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டேன். ஒடைச்சிரு முனிராஜு" என்றாள் மோகனப்ரியா.

"நல்லா வெச்சா போ சாவிய" என்றது ஒரு பெண்குரல்.

முனிராஜ் டிரைவரிடம் ஜாக்கிக் கம்பியை வாங்கினான். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்து விழுந்தது.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அவனே புதுப் பூட்டும் வாங்கிவந்தான். குளித்துவிட்டு வந்த மோகனப்ரியா அதன் சாவியை மாட்டக் கதவோரம் போனாள். ஆணியில் பழைய சாவி தொங்கியது.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கருப்பாயி கேட்டாள். "ஏம்மா... அன்னிக்கும் அந்தக் காந்தத்த வெச்சிருந்தா பொழச்சிருப்பானா?"

"டாக்டரே உறுதி சொல்லலியே அத்தே. எந்திரிச்சுக் காப்பி குடிங்க."

பழைய சாவியை எடுக்காமல், அதன் மேலேயே புதியதை மாட்டினாள். இரண்டும் கொஞ்சம் ஆடி நின்றன.