சத்தம் மட்டும் கேட்ட வெளிச்சம்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் வழியில் பூதலப்பட்டு தாண்டியபோது சாலை காலியாகத்தான் இருந்தது. கோவர்த்தனன் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வான். இரண்டு பக்கமும் மாந்தோப்பு, நடுவில் காலை வெயில் படிந்த தார்ச்சாலை. வேறு ஒன்றுமில்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மகள் தரணி, "நைனா, வண்டி" என்று கத்தியதும் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. கல்லூரிப் பேருந்து குலுங்கி நின்றது. கண்ணாடிக்கு நான்கடி முன்னால் பால்கேன்கள் தொங்கும் பைக் ஒன்று, யாரோ வானத்திலிருந்து இறக்கி வைத்ததுபோல நின்றிருந்தது. பால்காரர் தெலுங்கில் அவன் கண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். தரணி சிரிக்கவில்லை.

இருட்டாக ஏதாவது தெரிந்திருந்தால் அவனே எச்சரிக்கையாக இருந்திருப்பான். ஆனால் அந்த இடத்தில் இருட்டு இல்லை, சாலைதான் இருந்தது. கொஞ்ச நாளாகவே இப்படி. கிலோமீட்டர் கல்லைப் பார்த்தால் கல் தெரியும், அதை ஒட்டி நிற்கும் ஆள் தெரியமாட்டான். செல்போனில் ஒரு வார்த்தையைப் படித்தால் நடுவில் ஓர் எழுத்து இருக்கும், பக்கத்து எழுத்துகள் இருக்காது. விழியைக் கொஞ்சம் நகர்த்தினால் எல்லாம் திரும்பி வந்து நிற்கும், எங்கேயும் போகாதவை போல.

காரணம் என்னவாக இருக்கும் என்று அவனுக்கு ஓர் ஊகம் இருந்தது. ஊகத்தை அவன் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

எட்டு வருடத்துக்கு முன் அவன் விரல் மூட்டுகள் வீங்கின. காலையில் வண்டிச் சாவியைத் திருப்ப முடியாது. சோற்றைப் பிசைய முடியாமல் மனைவி தாட்சாயணி ஊட்டிவிட்ட நாட்களும் உண்டு. திருப்பதியில் மூட்டு வைத்தியர் முடக்குவாதம் என்றார். மலேரியாவுக்கென்று வந்த மருந்து ஒன்று இதற்கும் கேட்கும் என்று சொல்லி, சாப்பிட்ட பிறகு தினமும் இரண்டு மாத்திரை என்று எழுதினார். மூன்று மாதத்தில் விரல்கள் பூப்போல விரிந்தன. முடக்குவாதக்காரன் கையில் ஐம்பது பேர் போகும் வண்டியை யார் கொடுப்பார்கள்? அதனால் வண்டி ஷெட்டில் மாத்திரையைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் மலேரியா என்றே சொல்லிவைத்தான்.

மருந்துச் சீட்டு மழையில் நனையாமல் இருக்க ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சித்தூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் கிரண்குமார் அந்தப் பிளாஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்தே எட்டு வருடமாகக் கொடுத்து வந்தான்.

"உங்க ஊட்டுக் கொசுவுக்கு வயசே ஆவாதா கோவர்த்தனா? இன்னும் மலேரியான்றே."

"அதுக்குப் பேரன் பொறந்துட்டான்டா. நீ மாத்திரைய குடு."

மூட்டு வைத்தியர் சொன்ன மற்றதெல்லாம் பிளாஸ்டிக்குக்கு வெளியே நின்றுவிட்டது. உடம்பு எடையைப் பார்த்துத்தான் அளவு, அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றிருந்தார். அவன் போகவில்லை. நடுவில் சர்க்கரை வந்து, எழுபத்தெட்டு கிலோ ஆள் ஐம்பத்தாறுக்கு இறங்கிவிட்டான். மாத்திரை மட்டும் இரண்டாகவே இருந்தது. பார்வை நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் வருடம் ஒருமுறை கண் மருத்துவரிடம் போய், இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லிப் பரிசோதிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். தாட்சாயணி ஒவ்வொரு தைக்கும் நினைவுபடுத்துவாள். டிரைவர் கண் ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் ஊர் என்ன பேசும் என்று அவன் அவள் வாயை அடைத்துவிடுவான்.

இந்த வருடம் கல்லூரி நிர்வாகமே கண் பரிசோதனை வைத்துவிட்டது. அன்று காலை பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு, வண்டிகளுக்குப் பொறுப்பாளரான தனசேகர், ஓட்டுநர்களைத் திருப்பதியிலேயே ஒரு கண் மருத்துவமனைக்கு அனுப்பினார். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: தொடர்ந்து எடுக்கும் மருந்துகள். கோவர்த்தனன் சர்க்கரை மாத்திரையை மட்டும் எழுதினான்.

பரிசோதனை செய்த பெண் கேசியா சித்தூர்க்காரி. அவன் பேச்சைக் கேட்டதும் தெலுங்கை விட்டுத் தமிழுக்கு வந்துவிட்டாள். சுவரில் இருந்த எழுத்துகளை அவன் ஒவ்வொன்றாகப் பிடித்தான். பிடிக்க நேரமானது. ஆனால் கடைசி வரிவரை படித்துவிட்டான்.

"பரவால்லண்ணா, இந்த வயசுக்கு நல்லா கீது" என்று சான்றுத் தாளில் முத்திரை குத்திக் கொடுத்தாள்.

வாசலில் தரணி நின்றிருந்தாள். வகுப்பை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள்.

"இன்னாத்துக்கு வந்தே? கிளாஸ் இல்ல?"

"நைனா, காலைல அந்தப் பால்காரரை நீ பாத்தியா?"

அவன் முத்திரை குத்திய தாளை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "படி. நீதான காலேஜ் படிக்கிற."

"நான் இதைக் கேக்கல. அவரு ரொம்ப தூரமா நம்ம முன்னாடியே போய்க்கினு இருந்தாரு. நீ ஹாரன்கூட அடிக்கல."

"திடீர்னு வந்தான்."

"வரல நைனா. அங்கியே இருந்தாரு." அவள் குரல் இறங்கியது. "அந்த மாத்திரைய பத்தி உள்ள சொன்னியா?"

"சொன்னா நாளைக்கு உன்ன யாரு கூட்டியாருவா? காலேஜ்ல உன் பீஸ்ல பாதி கழிக்கிறானே, அது எதுக்கு? நான் ஸ்டியரிங்க பிடிக்கிறதுக்கு."

தரணி அந்தத் தாளை விலக்கினாள். பிறகு, "நான் இனிமே உன் பஸ்ஸுல வரல" என்றாள். "ஆனா மத்தவங்களுக்குத் தெரியாதே. அவங்க ஏறுவாங்க."

அவன் அவளைத் திட்டத்தான் நினைத்தான். ஆனால் முத்திரை குத்திய தாளோடு திரும்பி உள்ளே போனான்.

மாத்திரையின் பெயரைக் கேட்டதும் கேசியா பேனாவைக் கீழே வைத்தாள். "எத்தினி வருஷம்?"

"எட்டு."

"இத்த மொதல்லியே சொல்லமாட்டியாண்ணா? இதுக்கு இந்த எழுத்து டெஸ்ட்டு எதுக்கு ஆவும்?"

இருட்டறையில் பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்ற ஓர் இயந்திரத்துக்குள் அவன் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றி எங்காவது பொட்டு வெளிச்சம் தெரிந்தால் அழுத்த வேண்டும். தெரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டும்.

வெளிச்சம் வந்தது, அழுத்தினான். இன்னொன்று வந்தது, அழுத்தினான். பிறகு இயந்திரத்துக்குள் கிளிக்கென்று ஒரு சிறு சத்தம் கேட்டது. வெளிச்சம் வரவில்லை. மறுபடி கிளிக். வெறும் வெள்ளைக் கிண்ணம். கிளிக். இரவு வயலில் பூச்சிகள் கூப்பிடுவதுபோல அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எங்கோ ஒரு வெளிச்சம் வந்துபோகிறது என்பது அவனுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. காலையில் பால்காரர் இருந்ததுபோல அவையும் அங்கேயேதான் இருந்தன.

சத்தத்தைக் கேட்டே அழுத்திவிடலாம். அதற்குக் கண்ணே வேண்டாம். கட்டைவிரல் பொத்தானின்மேல் படுத்திருந்தது. வலியில்லாத விரல். கிளிக். அழுத்தினான். ஒருமுறைதான். பிறகு விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டான்.

"கேசியாம்மா," என்றான் இருட்டில். "இப்ப நான் பொய்யா அழுத்திட்டேன். ஒண்ணும் தெரியல."

கேசியா இயந்திரத்தை நிறுத்தினாள். "சரிண்ணா," என்றாள். "மொதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்."

இந்த முறை பெரும்பாலான சத்தங்களை அவன் போகவிட்டான்.

இயந்திரம் அச்சிட்டுத் தந்த தாளில் நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் விழுந்திருந்தது. இரண்டு கண்ணிலும் அதேதான். அங்கிருந்த கண் டாக்டரம்மா விழித்திரையையும் படமெடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினார். போன பார்வை திரும்பாது. மாத்திரையை நிறுத்தினாலும் கொஞ்சகாலம் கண்காணிக்க வேண்டும். மூட்டுக்கு வேறு மருந்து பார்க்கலாம், எழுதிக்கொடுத்த வைத்தியருக்கு இப்போதே போன் செய்கிறேன் என்றார். வருடாவருடம் வந்திருந்தால் உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவனைப் பார்க்கவில்லை.

"பஸ்ஸு?" என்றான்.

"கூடாது. இன்னிக்கே கூடாது."

நான்கரை மணிக்குக் கல்லூரி வாசலில் பிள்ளைகள் பேருந்தைச் சுற்றி நின்றார்கள். தனசேகருக்குப் போனில் எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. மாற்று ஓட்டுநர் வந்துகொண்டிருந்தார். நாளைக்கு ஆபீசுக்கு வா என்று தனசேகர் சொன்னார், அவ்வளவுதான்.

"அண்ணா, வண்டிய எடுக்கலியா?" ஒரு பெண் கேட்டாள்.

"எனக்குக் கண்ணு தெரியலம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் எப்போதும் இப்படித்தான் ஏதாவது சொல்வான். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அவன் அதையே மறுபடியும் சொன்னான். இப்போது சிலர் மட்டும் சிரித்தார்கள்.

மூன்றாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. தரணி அவன் பையை வாங்கிக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே அவனுக்கு வழி விடச் சொன்னாள்.